ஒண்டுக்குடித்தனத்தில் நான்கு டாம்கேட்

எங்கள் அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு லினக்ஸ் சர்வர்; 16 ஜிபி நினைவகம். ஜாவாவில் எழுதப்பட்ட நான்கு வலைச் செயலிகள் அதில் ஓடுகின்றன: சம்பளம், விடுப்பு, கொள்முதல், ஆவணக் காப்பகம். நான் பொறுப்பேற்றபோது நான்கும் ஒரே டாம்கேட்டுக்குள் இருந்தன; டாம்கேட் என்பது ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் மென்பொருள். மார்ச் மாதக் கணக்கு முடிப்பின்போது கொள்முதல் செயலி பெரிய அறிக்கை ஒன்றைத் தயாரிக்கப் போய், ஜாவா தன் தரவுகளுக்கு ஒதுக்கிவைக்கும் நினைவகமான ஹீப்பை நிரப்பிவிடும். அதனோடு சேர்ந்து சம்பளமும் விடுப்பும் படுத்துவிடும். ஒரு ஜேவிஎம்முக்குள் (ஜாவா நிரல்களை ஓட்டும் இயந்திரம்) இருக்கும் செயலிகளுக்கு நிரலை ஏற்றும் கிளாஸ்லோடர் தனித்தனியே உண்டே தவிர, தனித்தனி நினைவகம் கிடையாது. ஒருவர் அடுப்பில் பால் பொங்கினால் வீடு முழுவதும் தீயும் என்ற நிலை. வேறு சர்வர் வாங்கப் பணம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஆகவே, ஒரே கணினியில் நான்கு டாம்கேட் இன்ஸ்டன்ஸ்களை, அதாவது தனித்தனியே ஓடும் நான்கு டாம்கேட்டுகளை, நிறுவும் வேலையில் இறங்கினேன். அந்த ஏற்பாட்டைச் சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதும் மதிப்பீடு இது.

டாம்கேட் புதிய பொருள் அன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் தொடங்கிய வேலை 1999இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. சர்வ்லெட்டுகளை (வலைக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா நிரல்கள்) ஓட்டும் பகுதிக்குக் கேட்டலினா என்றும், இணைப்புகளை வாங்கும் பகுதிக்குக் கயோட்டி என்றும், ஜாவா கலந்து எழுதிய ஜேஎஸ்பி பக்கங்களை மொழிமாற்றும் பகுதிக்கு ஜாஸ்பர் என்றும் பெயர். சூழல் மாறிகள் (இயங்குதளம் வழியாக நிரலுக்குக் கொடுக்கும் அமைப்புகள்) பலவற்றின் பெயர்கள் டாம்கேட் என்று தொடங்காமல் கேட்டலினா என்று தொடங்குவதற்கு இதுவே காரணம். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் இதில் தவறாமல் ஒருமுறை தடுமாறுகிறார்கள்.

பல இன்ஸ்டன்ஸ்களுக்கான வசதி இரண்டே இரண்டு மாறிகளில் அடங்கியிருக்கிறது. கேட்டலினா ஹோம் என்பது மென்பொருள் இருக்கும் இடம். பின் (bin), லிப் (lib) ஆகிய கோப்புறைகள் அங்கே இருக்கும். கேட்டலினா பேஸ் என்பது ஒவ்வோர் இன்ஸ்டன்ஸுக்கும் உரிய இடம். கான்ஃப், லாக்ஸ், வெப்ஆப்ஸ், வொர்க், டெம்ப் ஆகியவை அங்கே இருக்கும். ஒரே ஹோமை நான்கு பேஸ்கள் பகிர்ந்துகொள்ளலாம். தரவுத்தளத்தோடு பேச உதவும் டிரைவர் போன்ற ஜார் கோப்புகளை, அதாவது ஜாவா நிரல் தொகுப்புகளைப் பேஸின் கீழே ஒரு லிப் கோப்புறை வைத்து அதில் போட்டால், வழக்கமான அமைப்பில் டாம்கேட் முதலில் அதைத் தேடிவிட்டுத்தான் ஹோமின் லிப்பைத் தேடும். ஒரு செயலிக்கு டிரைவரின் பழைய பதிப்பும் இன்னொன்றுக்குப் புதியதும் தேவைப்படும்போது இது கைகொடுக்கிறது. அவ்வளவுதான் அமைப்பு. கிணறும் வாசலும் பொது, அடுப்பும் அறையும் தனி என்று இருந்த அந்தக் கால ஒண்டுக்குடித்தன வீட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

புதிய பேஸ் ஒன்றை உருவாக்க, அண்மைப் பதிப்புகளின் பின் கோப்புறையில் மேக்பேஸ் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. இலக்குக் கோப்புறையின் பெயரைக் கொடுத்தால் தேவையான கோப்புறைகளை உருவாக்கி, கான்ஃபிக் கோப்புகளையும் நகலெடுத்து வைக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் பயன்படுத்துவோருக்கு இதே வேலையைச் செய்யும் தனிக் கட்டளை உண்டு. போர்ட் எண்களையும் அதிலேயே கொடுக்கலாம். நான் இரண்டையும் முயன்றேன். பதிப்பை நானே தீர்மானிக்க விரும்பியதால் அப்பாச்சியின் கோப்பை நேரடியாக இறக்கி, மேக்பேஸ் வழியையே பின்பற்றினேன்.

இனி போர்ட்டுகள், அதாவது ஒரு கணினிக்கு வரும் இணைப்பு எந்த நிரலுக்குப் போக வேண்டும் என்று காட்டும் எண்கள். எல்லோரும் முதலில் 8080ஐ மாற்றுவார்கள், 8005ஐ மறப்பார்கள். நானும் மறந்தேன். 8080 என்பது செயலிக்கான போர்ட். 8005 என்பது டாம்கேட்டை நிறுத்துவதற்கான போர்ட். இரண்டாவது இன்ஸ்டன்ஸ் துவங்கும்போது 8005 ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று லாகில் (நிகழ்வுக் குறிப்பேடு) எழுதிவிட்டுத் தானாகவே நின்றுபோனது. சரி, மீதம் ஏதும் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிட்டு மீண்டும் துவக்குவோம் என்று நிறுத்தும் ஸ்கிரிப்டை ஓட்டினேன். அது இரண்டாவது பேஸின் கான்ஃபில் போர்ட் எண்கள் எழுதப்பட்ட சர்வர் கோப்பைப் (server.xml) படித்து, 8005 என்று அறிந்து, அந்தப் போர்ட்டுக்கு நிறுத்தக் கட்டளையை அனுப்பியது. அந்தப் போர்ட்டில் இருந்ததோ முதல் இன்ஸ்டன்ஸ். மாதக் கடைசி நாளில், பிற்பகல் மூன்று மணிக்கு, சம்பளச் செயலி மரியாதையாக விடைபெற்றுக்கொண்டது. அதன்பின் ஒவ்வோர் இன்ஸ்டன்ஸுக்கும் கேட்டலினா பிஐடி மாறியை (ஓடும் புராசஸின் எண்ணை எழுதிவைக்கும் கோப்பைக் குறிப்பது) கொடுத்தேன். அது இருந்தால், தன்னுடைய புராசஸ் ஓடவில்லை என்று கண்டதும் ஸ்கிரிப்ட் பிறர் வீட்டுக் கதவைத் தட்டாமல் திரும்பிவிடும்.

டாம்கேட்டின் ஒன்பதாம் பதிப்பு வரிசையிலிருந்து போர்ட் ஆஃப்செட் என்ற பண்பு சர்வர் கோப்பில் கிடைக்கிறது. அதில் 100 என்று எழுதினால் 8080 என்பது 8180 ஆகவும், 8005 என்பது 8105 ஆகவும் மாறும். ஒரே எண்ணை மாற்றி எல்லாப் போர்ட்டுகளையும் ஒருசேர நகர்த்திவிடலாம். இந்தச் சிறு வசதி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் மேலே சொன்ன பிற்பகல் நேர்ந்திருக்காது.

ஆனால் 8005 காட்டும் உண்மை இன்னொன்று இருக்கிறது. அந்தப் போர்ட் அக்கணினியின் உள்முகவரியில் மட்டுமே கேட்கிறது; வெளியிலிருந்து எவரும் தொட முடியாது. ஆனால் நான்கு இன்ஸ்டன்ஸ்களும் இருப்பது அதே கணினியில்தானே? ஒரு செயலியில் ஓட்டை விழுந்து யாரேனும் உள்ளே நுழைந்துவிட்டால், நிறுத்தச் சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லைப் பக்கத்து இன்ஸ்டன்ஸின் போர்ட்டுக்கு அனுப்பி அதை நிறுத்திவிடலாம். அந்தச் சொல் எல்லா நிறுவல்களிலும் வழக்கமாக ஒன்றே. ஆகவே டாம்கேட் தருவது பிரிவினை, தனிமை அன்று. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்பவர்களே இந்த ஏற்பாட்டைக் குறைசொல்கிறார்கள் என்பது என் அனுபவம். தனிமையை இயங்குதளத்திடம்தான் கேட்டு வாங்க வேண்டும். நிறுத்தும் போர்ட்டை -1 என்று எழுதி மூடிவிட்டு, நிறுத்துவதை, லினக்ஸில் சேவைகளைத் துவக்கி நிறுத்தும் சிஸ்டம்டியிடம் ஒப்படைத்தேன்.

நினைவகத்திலும் இதே கதைதான். ஹீப்பின் உச்ச அளவைக் குறிப்பிடாவிட்டால், ஜாவா பொதுவாகக் கணினியின் மொத்த நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கைத் தன் எல்லையாக வைத்துக்கொள்ளும். ஒரு கணினியில் ஒரு ஜேவிஎம் ஓடும்போது இது நியாயமான கணக்கு. நான்கு ஓடும்போது, நால்வரும் ஆளுக்கு 4 ஜிபி தமக்குரியது என்று எண்ணிக்கொள்கிறார்கள்; 16 ஜிபியும் ஹீப்புக்கே போய்விடுகிறது. ஹீப்புக்கு வெளியே மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்களுக்கான நினைவகம்) இருக்கிறது, டாம்கேட்டின் ஒரு கனெக்டர் (இணைப்புகளை வாங்கும் வாசல்) வழக்கமாக 200 திரெட்டுகள்வரை திறக்கும், ஒவ்வொரு திரெட்டுக்கும் ஸ்டாக் என்ற தனி நினைவகம் உண்டு, தரவுத்தளம் இருக்கிறது, லினக்ஸுக்கே கொஞ்சம் வேண்டும். விளைவு, ஒருநாள் அதிகாலை ஆவணக் காப்பகம் நின்றிருந்தது. டாம்கேட்டின் லாகில் ஒரு வரிகூட இல்லை. பிழையும் இல்லை, விடைபெறும் செய்தியும் இல்லை. லினக்ஸின் மையமான கெர்னலின் லாகைப் பார்த்தபோதுதான், நினைவகம் தீர்ந்துபோனதால் லினக்ஸே ஒரு ஜாவா புராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொன்ற செய்தி இருந்தது. அப்படிக் கொல்லப்படும் புராசஸுக்கு வாய் திறக்க அவகாசம் இல்லை. டாம்கேட்டின் லாகில் எதுவும் எழுதாமல் ஓர் இன்ஸ்டன்ஸ் மறைந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் கெர்னல் லாக்.

இப்போது ஒவ்வொரு பேஸின் பின் கோப்புறையிலும் சூழல் மாறிகளை எழுதிவைக்கும் செட்என்வ் ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருக்கிறேன். டாம்கேட்டின் ஸ்கிரிப்ட் முதலில் பேஸில் அதைத் தேடும். இல்லாவிட்டால்தான் ஹோமில் தேடும். சம்பளத்துக்கு 2 ஜிபி, விடுப்புக்கு 1, கொள்முதலுக்கு 4, காப்பகத்துக்கு 2 என்று ஹீப்பைப் பங்கிட்டிருக்கிறேன். எந்த ஜாவாவில் ஓட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதலாம் என்பதால், பழைய செயலி ஜாவா 8இலும் புதியது ஜாவா 17இலும் பக்கத்துப் பக்கத்தில் சண்டையின்றி ஓடுகின்றன.

இந்தச் செட்என்வ் கோப்பில் ஒரு முள் இருக்கிறது. ஜேவிஎம்முக்கான விருப்பங்களை இரண்டு மாறிகளில் எழுதலாம்: ஜாவா ஆப்ட்ஸ், கேட்டலினா ஆப்ட்ஸ். பெயரைப் பார்த்தால் எதில் எழுதினாலும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் முன்னது துவக்கும்போதும் நிறுத்தும்போதும் பயன்படும்; பின்னது துவக்கும்போது மட்டுமே பயன்படும். நிறுத்தும் கட்டளையும் ஒரு சிறிய ஜாவா நிரல்தான் என்பதால், கண்காணிப்புக்கான ஜேஎம்எக்ஸ் போர்ட்டை ஜாவா ஆப்ட்ஸில் எழுதிவைத்தால், நிறுத்த வரும் நிரலும் அதே போர்ட்டைத் திறக்க முயன்று, அது ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லிச் செத்துப்போகும். டாம்கேட் நிற்காது. ஹீப் அளவும் கண்காணிப்பும் கேட்டலினா ஆப்ட்ஸில்தான் இருக்க வேண்டும்.

என்னை மிகவும் அலைக்கழித்தது குக்கீ விவகாரம்; குக்கீ என்பது உள்ளே நுழைந்தவரை அடையாளம் காணச் செயலி பிரவுசரிடம் கொடுத்துவைக்கும் சீட்டு. பிரித்துவைத்த முதல் வாரத்தில், கணக்குப் பிரிவிலிருந்து ஒரு தம்பி வந்து, “சார், லீவு பக்கத்தைத் திறந்தா சம்பளம் என்னை வெளியே தள்ளுது. திரும்ப சம்பளத்துக்குள்ள போனா லீவு தள்ளுது” என்றார். நான் அவருடைய பிரவுசரைக் குறை சொன்னேன். பிறகு இன்னொருவர் வந்தார். பிறகு நால்வர் வந்தனர். லாகில் பிழை எதுவும் இல்லை. தனித்தனியே சோதித்தால் இரண்டு செயலிகளும் ஒழுங்காக வேலை செய்தன. இரண்டு நாள் கழித்து, பிரவுசரின் குக்கீப் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு இரு செயலிகளிலும் மாறி மாறி நுழைந்து பார்த்தபோது விஷயம் கண்ணில் பட்டது. சம்பளம் 8081இலும் விடுப்பு 8082இலும் ஓடுகின்றன. இரண்டும் மூலப் பாதையிலேயே நிறுவப்பட்டவை. இரண்டும் ஜேசெஷன்ஐடி என்ற ஒரே பெயரில் குக்கீ வைக்கின்றன. குக்கீக்குப் போர்ட் எண் ஒரு பொருட்டே அன்று. கணினியின் பெயரும் பாதையும் ஒன்றாக இருந்தால், பின்னால் வந்த குக்கீ முன்னதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். விடுப்பின் குக்கீயைச் சம்பளத்திடம் நீட்டினால், இவரை எனக்குத் தெரியாது என்று அது நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறது.

தீர்வு ஒரே வரி. ஒவ்வொரு பேஸின் கான்ஃப் கோப்புறையிலும் உள்ள கான்டெக்ஸ்ட் கோப்பில், செஷன் குக்கீக்கு வேறு பெயர் கொடுத்தேன். அந்தக் கோப்பு பேஸுக்கு உரியது என்பதால் செயலியின் நிரலில் கை வைக்கத் தேவையிருக்கவில்லை. செயலியை எழுதிக்கொடுத்த நிறுவனத்திடம் கெஞ்சவும் தேவையிருக்கவில்லை. பிற்பாடு, வரும் கோரிக்கைகளை வாங்கி உரிய செயலிக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸை முன்னால் வைத்து ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பெயர் கொடுத்தபோது இந்தச் சிக்கல் அடியோடு போயிற்று. ஆயினும் குக்கீப் பெயர்களை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். இந்த ஏற்பாட்டைப் புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது, போர்ட்டை மாற்றும் அதே நிமிடத்தில் குக்கீயின் பெயரையும் மாற்றிவிடுங்கள் என்பதே.

மேம்படுத்தும் வேலையில்தான் ஹோம், பேஸ் பிரிவின் அருமை தெரிகிறது. ஹோம் என்பதை, வேறொரு கோப்புறையைச் சுட்டும் சிம்லிங்காக வைத்திருக்கிறேன். புதிய பதிப்பு வந்தால் அதைப் பக்கத்தில் விரித்துவைத்து, சிம்லிங்கைத் திருப்பி, இன்ஸ்டன்ஸ்களை ஒவ்வொன்றாக நிறுத்தித் துவக்கினால் போதும். முதலில் ஆவணக் காப்பகம். அது ஒருநாள் ஒழுங்காக ஓடினால் விடுப்பு. கடைசியில், மாதத் தொடக்கத்தில் சம்பளம். பழைய பதிப்புக்குத் திரும்பவும் அதே சிம்லிங்தான்.

ஆனால் ஹோமில் உள்ள நிரல் மட்டுமே இப்படிப் புதிதாகிறது. பேஸில் உள்ள கான்ஃபிக் கோப்புகள் பழையனவாகவே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. 8009ஆம் போர்ட்டில் வழக்கமாகத் திறந்தே கிடந்த, முன்னால் இருக்கும் வலைச் சர்வரோடு பேசுவதற்கான ஏஜேபி கனெக்டர் வழியாக, செயலியின் உள்கோப்புகளை வெளியார் படிக்க முடிந்தது. 9.0.31ஆம் பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள். கூடவே, உடன் வரும் சர்வர் கோப்பில் ஏஜேபி கனெக்டரைக் கமென்ட் ஆக்கி முடக்கியும் வைத்தார்கள். ஆனால் அந்தத் திருத்தப்பட்ட சர்வர் கோப்பு என் நான்கு பேஸ்களுக்கும் வராது; அங்கே இருப்பவை முன்பே நகலெடுத்த பழைய கோப்புகள். மேம்படுத்தியதும் நான்கு லாகுகளிலும், ரகசியச் சொல் தரப்படவில்லை, ஏஜேபி கனெக்டர் துவங்காது என்ற கடுமையான பிழை வந்து நின்றது. நிரலே கண்டிப்பாக மாறியிருந்ததால் தப்பித்தோம். ஏஜேபியை நாங்கள் பயன்படுத்தவே இல்லை. நான்கு கோப்புகளிலும் அந்த வரிகளை நீக்கினேன். அதுமுதல் ஒவ்வொரு மேம்பாட்டின்போதும், புதிய பதிப்போடு வரும் கான்ஃப் கோப்புறையையும் என் பேஸ்களில் உள்ளதையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அலுப்பான வேலைதான், நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பத்தாம் பதிப்புக்கு மாறுவது வேறு வகை. அதில் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. ஒன்பதில் ஓடிய செயலியை அப்படியே தூக்கிப் பத்தின் வெப்ஆப்ஸில் வைத்தால் ஓடாது. பழைய செயலிகளைத் தானாகவே மாற்றித்தரும் தனிக் கோப்புறை ஒன்றைப் பத்தில் வைத்திருக்கிறார்கள் என்றாலும், சம்பளச் செயலியில் அந்தப் பரிசோதனையைச் செய்ய எனக்குத் துணிவில்லை. இரண்டு ஹோம்கள், நான்கு பேஸ்கள் என்று வைத்துக்கொண்டேன்: மூன்று ஒன்பதில், ஒன்று பத்தில். ஒற்றை டாம்கேட்டாக இருந்திருந்தால் நான்கு செயலிகளும் ஒரே நாளில் மாறியாக வேண்டியிருக்கும்.

தனிமைக்காக இயங்குதளத்திடம் கேட்டு வாங்கியவை இவை. ஒவ்வோர் இன்ஸ்டன்ஸுக்கும் தனிப் பயனர் கணக்கு. ஒருவரின் பேஸை மற்றவர் படிக்க முடியாது. தரவுத்தளத்தின் கடவுச்சொல் கான்டெக்ஸ்ட் கோப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும் என்பதால், எல்லா இன்ஸ்டன்ஸ்களையும் ஒரே பயனர் பெயரில் ஓட்டுவது பிரித்ததன் பயனைப் பாதி அழித்துவிடும். ஹோம் முழுவதும் நிர்வாகக் கணக்கான ரூட்டுக்குச் சொந்தம். மற்றவர்களுக்குப் படிக்க மட்டுமே அனுமதி. இதற்கு இன்னொரு பயனும் உண்டு: பேஸ் மாறியைக் கொடுக்க மறந்து கையால் துவக்கினால், டாம்கேட் ஹோமையே பேஸாக எடுத்துக்கொண்டு ஐந்தாவதாக ஒன்றை ஓடவிடப் பார்க்கும், லாக் எழுத அனுமதி இல்லாததால் இப்போது அது வாசலிலேயே விழுந்துவிடுகிறது.

சிஸ்டம்டியில் ஒரே ஒரு டெம்ப்ளேட் யூனிட் (பல சேவைகளுக்குப் பொதுவான அமைப்புக் கோப்பு) எழுதி, அட் (@) குறிக்குப் பின் இன்ஸ்டன்ஸின் பெயரைக் கொடுத்து நான்கையும் ஓட்டுகிறேன். நினைவக வரம்பையும் சிஸ்டம்டியிலேயே ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஹீப்பைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்திருப்பதால், ஒருவர் எல்லை மீறினால் அவர் மட்டுமே விழுகிறார். ஒழுங்காக நிறுத்தப்பட்ட ஜாவா 143 என்ற எண்ணோடு வெளியேறும். அதை வெற்றி என்று யூனிட்டில் சொல்லிவைக்காவிட்டால், நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சிஸ்டம்டி சிவப்பு எழுத்தில் தோல்வி என்று கூக்குரலிடும். இந்த அத்தனை ஏற்பாடும் டாம்கேட்டின் சொந்த ஆவணத்தில் ஒரே இடத்தில் கிடைக்காது. உடன் வரும் ரன்னிங் கோப்பு ஹோம், பேஸ் பற்றிச் சுருக்கமாக, தெளிவாகச் சொல்கிறது. அதற்கு மேல் நாமே தேடிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் பொருளின் பெரிய குறையாக நான் கருதுவது இதையே.

செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வி நியாயமானதே. கன்டெய்னரில் கோப்புகளும் புராசஸ்களும் தொடக்கத்திலேயே பிரிந்து கிடைக்கின்றன; நினைவக வரம்பையும் துவக்கும்போதே கொடுத்துவிடலாம். குக்கீச் சிக்கலைத் தவிர நான் மேலே புலம்பிய பலவும் அங்கே எழாது. செயலிகள் அடிக்கடி மாறுகிற இடத்தில், பல கணினிகள் இருக்கிற இடத்தில் நான் டாக்கரையே சொல்வேன். ஆனால் எங்கள் இடத்தில் கணினி ஒன்று, நிர்வாகி ஒருவர், செயலிகள் ஆண்டுக்கு இருமுறைதான் மாறும். ஒரு செயலி நின்றால் நேரே அந்தக் கோப்புறைக்குப் போய் லாகைத் திறந்து பார்க்கும் எளிமையை விட எனக்கு மனமில்லை. நான் விடுப்பில் இருக்கும்போது என் இடத்தில் அமர்பவருக்கும் கோப்புறைகள் புரிகின்றன.

சில்லறைக் குறைகளும் உண்டு. கையால் துவக்கினால் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் கேட்டலினா அவுட் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். டாம்கேட் தானாக அதை வெட்டாது. நான்கு இன்ஸ்டன்ஸ் என்றால் நான்கு கோப்புகளுக்கும், பழைய லாகை வெட்டும் லாக்ரொட்டேட் அமைப்பை எழுத வேண்டும். நான்கின் நிலையையும் ஒரே திரையில் காட்டும் கருவி டாம்கேட்டோடு வருவதில்லை. டாம்கேட்டோடு வரும் மேனேஜர் செயலி தன் இன்ஸ்டன்ஸை மட்டுமே அறியும். மேக்பேஸ் வழியாக உருவாக்கிய பேஸ்களில் அந்த மேனேஜரை நான் வைக்கவும் இல்லை. நான்கு போர்ட்டுகளையும் நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும் சிறு ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக்கொண்டேன்.

விலை ஒன்றும் இல்லை. அப்பாச்சி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடந்த மார்ச்சிலும் கொள்முதல் செயலி வழக்கம்போல் அறிக்கை தயாரிக்கப் போய் ஹீப்பை நிரப்பிக்கொண்டு படுத்தது. அதை மட்டும் நிறுத்தித் துவக்கிவிட்டு வந்தேன். கணக்குப் பிரிவில் அப்போது சம்பளப் பட்டியல் அச்சாகிக்கொண்டிருந்தது.